பழைய வேனின் இஞ்சின் எத்தனை சுற்றுத் தாங்கும்?

விடிவதற்கு முன்பே களியக்காவிளை விழித்துவிடும். தேங்காய்ப்பட்டணம் கரையிலிருந்து மீன், தோவாளையிலிருந்து பூ, விளவங்கோடு தாலுகாவின் விளைகளிலிருந்து ஏத்தன்குலை, மரச்சீனி, ரப்பர் ஷீட் என்று வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். இஞ்சிவிளையைத் தாண்டினால் கேரளம். பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று ஏறியும் இறங்கியும் செல்லும் சாலை பாலராமபுரம் வழியாகத் திருவனந்தபுரத்தை அடைகிறது. முன்பு 47ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்று வழங்கிய இதற்கு இப்போது 66ஆம் எண்.

மீன் வெயிலுக்குக் காத்திராது, பூவும் அப்படியே. ஓணத்துக்கு முந்திய பத்து நாட்களில் தோவாளைப் பூ ஏற்றிய வண்டி பொழுது விடிவதற்குள் தலைநகர் சேர்ந்தால்தான் விலை. ஆகவே டிரைவர் அவசரப்படுகிறார். வண்டி பழையது, பாரம் அதிகம், சாலையோ மேடு பள்ளம். இந்த மூன்றும் சேரும் இடத்தில் அடிபடுவது இஞ்சின்.

சாலையில் எத்தனை வேகத்தில் போகலாம் என்பதற்குப் பலகை இருக்கிறது. 2023 ஜூன் முதல் கேரளத்துச் சாலைகளில் கேமராக்களும் அபராதச் சீட்டு அனுப்புகின்றன. இஞ்சின் எத்தனை வேகத்தில் சுற்றலாம் என்பதற்கு அப்படி ஒரு பலகை எங்கும் கிடையாது. புதிய வண்டிகளில் அதைக் காட்டும் முள்ளும் சிவப்புக் கோடும் டாஷ்போர்டில் உண்டு. பழைய வேன்களில் பெரும்பாலும் ஸ்பீடாமீட்டர் மட்டுந்தான். அதுவும் கேபிள் அறுந்து செத்துக் கிடக்கும் வண்டிகள் உண்டு. டிரைவரின் காதுதான் மீட்டர்.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும் வேன்கூட இஞ்சினின் எல்லையைத் தாண்டியிருக்க முடியும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஏற்றத்தில் முதல் கியரில் முழு மிதியாக மிதித்துக்கொண்டு போனால் அதுதான் நடக்கிறது. வண்டியின் வேகம் வேறு, இஞ்சினின் வேகம் வேறு.

மேட்டடோரும் ஆம்னியும்

இந்த எல்லைப் பகுதியில் ஒரு தலைமுறைக்கு வேன் என்றாலே மேட்டடோர்தான். 1958இல் ஃபிரோதியா குடும்பத்தார் ஜெர்மனியின் டெம்போ நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய தொழிற்சாலை, பஜாஜ் டெம்போ என்ற பெயரில் அதைச் செய்தது. 2005இல் அந்தக் கம்பெனி ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. மேட்டடோரின் பிற்கால மாடல்களிலும், டிராவலர், டிராக்ஸ் வண்டிகளிலும் நெடுங்காலம் இருந்தது மெர்சிடிஸ் கம்பெனியின் ஓ.எம். 616 என்ற டீசல் இஞ்சினின் இந்தியப் பதிப்பு. நான்கு சிலிண்டர், 2.4 லிட்டர். ஜெர்மன் கார்களில் இது முதலில் நிமிடத்துக்கு 4200 சுற்றில் 65 குதிரைசக்தி தந்தது. 1978க்குப் பிறகு 4400 சுற்றில் 72 குதிரைசக்தி.

மேட்டடோர் இப்போது அரிதாகிவிட்டது. ஆம்னி அப்படி அல்ல. 1984இல் மாருதி வேனாக வந்து, 2019இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட அந்தச் சதுர வண்டி இன்றும் கேட்டரிங் பாத்திரம், பிளம்பர் சாமான், சவுண்ட் செட், பலகார டின் எல்லாவற்றையும் சுமக்கிறது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. நிமிடத்துக்கு 5000 சுற்றில் சுமார் 35 குதிரைசக்தி. இஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். அதாவது டிரைவர் இஞ்சின்மேல் உட்கார்ந்துதான் ஓட்டுகிறார்.

4400, 5000 என்ற இந்த எண்களைத்தான் கவனிக்க வேண்டும். இஞ்சின் தன் முழுச் சக்தியைத் தருவது அந்தச் சுற்றில். அதற்கு மேல் சுற்றினால் சத்தம் கூடும், சக்தி கூடாது, குறையவே செய்யும். சிலிண்டருக்குள் காற்று நிரம்பப் போதிய நேரம் கிடைப்பதில்லை என்பதே காரணம். ஏற்றத்தில் இஞ்சினை அலறவிடும் டிரைவர் சக்தியை வாங்குவதாக நினைத்துக்கொண்டு தேய்மானத்தை வாங்குகிறார்.

ஒரு கிலோ ஒரு டன் ஆகும் கதை

இஞ்சினின் உள்ளே நடப்பதைக் கணக்கில் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 4400 சுற்று என்றால் விநாடிக்கு 73 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒருமுறை மேலே போய் நின்று, ஒருமுறை கீழே வந்து நிற்கிறது. ஆக விநாடிக்கு ஏறக்குறைய 147 முறை அது நின்று, திரும்பி, மறுபடி பாய்கிறது. ஓ.எம். 616 இஞ்சினில் பிஸ்டன் ஓடும் தூரம் 92.4 மில்லிமீட்டர். அந்தக் குறுகிய தூரத்தில் இத்தனை முறை நின்று திரும்ப, புவியீர்ப்பைப் போல ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட இழுப்பு தேவைப்படுகிறது. பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டால், உச்சியில் திரும்பும் அந்தக் கணத்தில் கனெக்டிங் ராடு ஒரு டன்னுக்கு மேற்பட்ட பாரத்தை இழுத்துப் பிடிக்கிறது. இழுத்துப் பிடிப்பது எது? ராடின் அடியில் இருக்கும் இரண்டு போல்ட்டுகள்.

இந்த இழுப்பு, சுற்று கூடும் அளவிலேயே கூடுவதில்லை. அதன் வர்க்கத்தில் கூடுகிறது. பத்து சதவீதம் அதிகம் சுற்றினால் இழுப்பு 21 சதவீதம் அதிகம். இருபது சதவீதம் அதிகமானால் 44 சதவீதம். இதைத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். உச்சச் சுற்றில் முக்கால் பங்கோடு நிறுத்திக்கொண்டால் இழுப்பு பாதிக்குச் சற்றே மேல், 56 சதவீதம்தான். பழைய இஞ்சினுக்கு முக்கால் பங்கு போதும் என்பதற்கு இந்த ஒரு கணக்கே தக்க காரணம். 4400க்கு முக்கால் 3300. ஆம்னியின் 5000க்கு 3750.

புதிய இஞ்சினுக்கு நிர்ணயித்த எல்லை இருபது வருடம் ஓடிய இஞ்சினுக்குப் பொருந்துமா என்று கேட்க வேண்டும். பொருந்தாது. பேரிங்கில் தேய்மானம் விழுந்தால் எண்ணெய் நிற்பதில்லை, அழுத்தம் குறைகிறது. வால்வ் ஸ்பிரிங்கின் விறைப்பு போனால் வேகமான சுற்றில் வால்வ் உரிய நேரத்தில் மூடாமல் மிதக்கிறது. சில இஞ்சின்களில் பிஸ்டன் மேலே வந்து அந்த வால்வை முட்டும். மூன்றாவது முறை கழற்றி மாட்டிய ராடு போல்ட் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. கிராங்க் ஷாஃப்ட்டை அரைத்து அண்டர்சைஸ் பேரிங் போட்ட இஞ்சின், நான்கு பிஸ்டனில் ஒன்றை மட்டும் வேறு கம்பெனி பிஸ்டனாக மாற்றிய இஞ்சின் என்று எத்தனையோ உண்டு. செலவை மிச்சப்படுத்தச் செய்தவை இவை. குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அத்தகைய இஞ்சினின் எல்லை கம்பெனிப் புத்தகத்தில் அச்சடித்த எல்லையாக இருக்க முடியாது.

ராடு முறிந்து பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வருவதை ஒர்க் ஷாப்பில் ‘ராடு ஜன்னல் போட்டுவிட்டது’ என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஓடும் வண்டியில் நடந்தால் அது வேடிக்கை இல்லை. எண்ணெய் சாலையில் கொட்டும். இஞ்சின் இறுகினால் அதோடு இணைந்த சக்கரங்களும் இறுகும். மேட்டடோரில் அவை முன் சக்கரங்கள், அதாவது திருப்ப வேண்டிய சக்கரங்கள். பிரேக்குக்கு உதவும் வேக்குவம், இஞ்சின் ஓடினால்தான் கிடைக்கும். இஞ்சின் நின்றுபோனால் ஒன்றிரண்டு மிதிக்கு மட்டுமே மிச்சம் இருக்கும். பிறகு பிரேக் கல்லைப்போல் ஆகிவிடும். அமரவிளையில் நெய்யாற்றுப் பாலத்தை நோக்கி இறங்கும்போது இப்படி ஆனால் என்ன செய்வது என்று பாரவண்டி ஓட்டுகிறவர்கள் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

கவர்னர் எதைக் காக்கும்?

‘டீசல் வண்டிக்குக் கவர்னர் இருக்கிறதே’ என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். டீசல் இஞ்சினின் பம்பில் உள்ள கவர்னர், குறித்த சுற்று வந்ததும் டீசலைக் குறைத்துவிடும். பெங்களூரில் 1951இல் தொடங்கி, ‘மைக்கோ’ என்ற பெயரில் நாடெங்கும் அறிமுகமான கம்பெனியின் பம்புகள் இந்த வகை. 2008 முதல் அதன் பெயர் பாஷ். அந்த உச்சச் சுற்றை நிர்ணயிக்கும் திருகு கம்பியும் ஈய முத்திரையும் போட்டுக் கட்டப்பட்டிருக்கும். ‘கொஞ்சம் கூட்டி வையுங்கள், ஏற்றத்தில் இழுக்கவில்லை’ என்று சொல்லி அந்த முத்திரையை உடைக்கச் செய்வது வண்டிக்காரரே. இழுக்காததற்குக் காரணம் பெரும்பாலும் அடைபட்ட டீசல் ஃபில்டர், தேய்ந்த நாசில், அழுக்கடைந்த ஏர் ஃபில்டர் ஆகியவைதான். அவற்றைப் பார்க்காமல் பம்பில் கை வைப்பது, பசிக்கிறது என்று அழும் பிள்ளைக்குச் சட்டை மாற்றுவது போன்றது.

சில பழைய பம்புகளில் கவர்னர் காற்றின் உறிஞ்சலால் இயங்கும். உள்ளே ஒரு மெல்லிய டயாஃப்ரம். அது கிழிந்தால், அல்லது அதற்கு வரும் குழாய் வெடித்தால், கட்டுப்பாடு போய் இஞ்சின் முழு டீசலை எடுத்துக்கொண்டு பறக்கும். கைப்பிடி அளவுள்ள அந்த ரப்பர் குழாயைச் சர்வீஸ் சமயத்தில் தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதைச் செய்கிறவர்கள் குறைவு.

கவர்னரால் காக்க முடியாத இடமும் ஒன்று உண்டு. அதுதான் முக்கியம். இஞ்சின் சக்கரத்தைச் சுற்றும்போது கவர்னர் தடுக்கும். சக்கரம் இஞ்சினைச் சுற்றும்போது அது ஒன்றும் செய்ய முடியாது. இறக்கத்தில் பாரத்தோடு வேகமாக வரும் வண்டியில், நான்காவதிலிருந்து மூன்றாவதுக்குப் போட நினைத்துக் கை தவறி இரண்டாவதுக்குப் போட்டுக் கிளட்ச்சை விட்டால், டீசல் ஒரு சொட்டு இல்லாவிட்டாலும் வண்டியின் பாரமே இஞ்சினை விரட்டும். கியர் லீவரின் புஷ் தேய்ந்து, எந்தக் கியர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஆடும் பழைய வேன்களில் இந்தத் தவறு எளிதில் நேரும். ஐம்பது ரூபாய் புஷ்ஷோ நூறு ரூபாய் புஷ்ஷோ, அதை மாற்றுவது இஞ்சினையும் காக்கும் வேலை என்பது பலர் அறியாதது.

வேகப்பூட்டு என்பது வேறு சங்கதி. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 118ஆம் விதியின்கீழ் 2015இல் வந்த அறிவிப்பு, வாடகை, சரக்கு வண்டிகளில் பலவற்றுக்கு மணிக்கு 80 கிலோமீட்டர் என்று எல்லை வைத்தது. அந்தக் கருவி சாலை வேகத்தை மட்டுமே பார்க்கிறது. இரண்டாவது கியரில் 50 கிலோமீட்டரில் இஞ்சின் அலறினால் அதற்குத் தெரியாது. ‘எங்கள் வண்டியில் கவர்னர் வைத்தாயிற்று’ என்று முதலாளி சொல்வது பெரும்பாலும் இந்தப் பூட்டைத்தான். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கவலையற்று இருக்கக் கூடாது.

கார்புரேட்டர் உள்ள பழைய ஆம்னிக்கு இந்தக் காவல்களில் எதுவுமே இல்லை. மிதித்தால் போகும், அவ்வளவுதான். பின்னால் வந்த எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் கணினி ஓர் அளவுக்குமேல் பெட்ரோலை நிறுத்திவிடும். அதுவும் தவறான கியருக்கு மருந்து அல்ல.

ரயிலும் ஜெர்மன் வேனும்

பெரிய இஞ்சின் வேகமாகச் சுற்றும் என்று எண்ணுகிறவர்கள் ரயில் இஞ்சினைப் பார்க்க வேண்டும். 1960களிலிருந்து பல பத்தாண்டுகள் நாடெங்கும் ரயில்களை இழுத்த டபிள்யூ.டி.எம்.-2 டீசல் இஞ்சினை ரயில்வே ஊழியர்கள் அறிவார்கள். 2600 குதிரைசக்தி. அதன் உச்சச் சுற்று எவ்வளவு தெரியுமா? நிமிடத்துக்கு ஆயிரம்! சும்மா நிற்கும்போது நானூறு. எட்டாவது நாட்ச்சில் வைத்தால் ஆயிரம். அதைச் சற்றே தாண்டினாலும் தனியாக ஒரு கருவி குறுக்கிட்டு இஞ்சினையே நிறுத்திவிடும். கவர்னர் ஒன்று, அது தவறினால் பிடிக்க இன்னொன்று. பிஸ்டன் பெரியது, கனமானது; ஆகவே எல்லை குறைவு. இஞ்சின் எத்தனை கனமோ அத்தனை நிதானம். நம் வேனில் இரண்டாவது காவல்காரர் டிரைவர்தான்.

வேனுக்கும் காருக்கும் ஒரே இஞ்சினைப் போடும்போது என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியில் ஓர் உதாரணம் உண்டு. 1950 மார்ச்சில் உற்பத்திக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் வேனில் இருந்தது அந்தக் கம்பெனியின் சிறிய காரில் இருந்த அதே 1131 சி.சி. இஞ்சின். 3300 சுற்றில் 25 குதிரைசக்தி. பாரம் இழுக்க வேண்டும் என்பதற்காகப் பின் சக்கரங்களின் அருகே கூடுதலாகப் பற்சக்கரங்கள் வைத்தார்கள். இதனால் இழுவை கிடைத்தது. ஆனால் அதே சாலை வேகத்துக்கு இஞ்சின் காரில் சுற்றுவதைவிட அதிகம் சுற்ற வேண்டியதாயிற்று. கம்பெனிக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. தொடக்ககால வேன்களில் இந்த வண்டியின் அனுமதிக்கப்பட்ட உச்சவேகம் மணிக்கு 50 மைல் என்று ஒரு சீட்டை டிரைவரின் கண்ணெதிரே ஒட்டியே அனுப்பினார்கள். பிற்கால மாடல்களில் எந்தக் கியரில் எதுவரை போகலாம் என்று ஸ்பீடாமீட்டரிலேயே சிவப்புக் கோடு போட்டார்கள். விலையுயர்ந்த மீட்டர் எதுவும் வைக்காமல், ஒரு சீட்டாலும் மூன்று கோடுகளாலும் முடித்துவிட்ட காரியம் இது.

புகைச் சோதனையில் ஒரு கண்டம்

பழைய டீசல் வேன் தன் உச்சச் சுற்றைத் தவறாமல் தொடும் நாள் ஒன்று உண்டு. அது சாலையில் அல்ல, புகைச் சோதனை நிலையத்தில். சரக்கு, வாடகை வண்டிகளுக்கு எட்டு வயது தாண்டினால் ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புகைச் சான்றும் வேண்டும். டீசல் வண்டியில் அந்தச் சோதனை எப்படி நடக்கிறது? வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை மிதித்து, இஞ்சினைக் கவர்னர் அனுமதிக்கும் உச்சத்துக்கு ஏற்றி, விடுவார்கள். இதையே பலமுறை செய்வார்கள். பழைய டீசல் வண்டிகளுக்குப் புகையின் அளவு 65 ஹார்ட்ரிட்ஜுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி.

பாரம் இல்லாத இஞ்சின் கண் இமைக்கும் நேரத்தில் உச்சத்துக்குப் போய்விடும். கவர்னர் சரியாக இருந்தால் அங்கே நிற்கும். முத்திரை உடைத்துக் கூட்டி வைத்த பம்பு என்றால் எங்கே நிற்கும் என்று யார் சொல்வது? குளிர்ந்த இஞ்சினில் இதைச் செய்தால் ஆபத்து இன்னும் அதிகம். எண்ணெய் கெட்டியாக இருக்கும், பேரிங்குக்குப் போய்ச் சேராது. இஞ்சின் எண்ணெயின் சூடு 60 டிகிரியாவது வந்த பிறகே சோதிக்க வேண்டும் என்று முறையிலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் வரிசையில் ஒரு மணி நேரம் அணைத்து வைத்துக் காத்திருந்த வண்டியை ஸ்டார்ட் செய்தவுடன் மிதிக்கும் வழக்கத்தைப் பார்க்கலாம். வண்டிக்காரர் வாய் திறந்து ‘இஞ்சின் சூடாகட்டும்’ என்று கேட்கலாம். கேட்பது அவருடைய உரிமை. கேட்டதற்காக யாரும் சான்றிதழை மறுக்க முடியாது.

சோதனைக்குப் போகுமுன் எண்ணெய் அளவைப் பார்ப்பது, டைமிங் பெல்ட் உள்ள இஞ்சினானால் அது எப்போது மாற்றியது என்று நினைவுபடுத்திக்கொள்வது, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நன்றாக ஓட்டிவிட்டு நேராக அங்கே போவது ஆகிய மூன்றும் செலவில்லாதவை. புகை கூடுதலாக வந்தால் பம்பைக் குறைத்து வைத்துச் சான்று வாங்கிவிட்டு, மறுநாள் மறுபடி கூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த விளையாட்டில் தோற்பது ராடு போல்ட்டுதான். பழைய பெட்ரோல் ஆம்னிக்கு இந்தக் கண்டம் இல்லை. அதைச் சும்மா ஓடவிட்டுத்தான் சோதிப்பார்கள்.

அடங்காமல் ஓடும்போது

சாவியைத் திருப்பியும் நிற்காமல் டீசல் இஞ்சின் தானாக வெறிபிடித்துச் சுற்றுவதை அனுபவப்பட்டவர்கள் மறக்க மாட்டார்கள். பம்பில் கோளாறு என்றால் டீசலை நிறுத்தினால் நின்றுவிடும். தேய்ந்த ரிங் வழியாக இஞ்சின் தன் எண்ணெயையே குடித்து ஓடத் தொடங்கினால் டீசலை நிறுத்தியும் பயன் இல்லை. பழைய வண்டிகளின் ஏர் ஃபில்டர் அடியில் எண்ணெய்ச் சட்டி இருக்கும். அதில் கோட்டைத் தாண்டி எண்ணெய் ஊற்றிவிட்டாலும் இஞ்சின் அதை உறிஞ்சிக்கொண்டு இதே கதியை அடையும். ‘கொஞ்சம் அதிகமாகவே இருக்கட்டும்’ என்ற நல்லெண்ணம் இங்கே செல்லாது.

வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் இப்படி ஆனால் நியூட்ரல் செய்யக் கூடாது. பாரம் விலகியதும் இஞ்சின் இன்னும் பறக்கும். பெரிய கியரில் இருந்தபடியே பிரேக்கைப் பலமாக மிதித்து, இஞ்சினைத் திணறடித்து நிறுத்த வேண்டும். நிற்கும் வண்டியானால் பிரேக்கை மிதித்துக்கொண்டு நான்காவது கியர் போட்டுக் கிளட்ச்சை விடலாம். அதுவும் முடியாவிட்டால் காற்று உள்ளே போகும் வாயைக் கனத்த பலகையால் அடைக்க வேண்டும். கையால் அடைக்கக் கூடாது. துணியால் அடைத்தால் அது உள்ளே இழுபட்டுவிடும். கரியமிலவாயுத் தீயணைப்பான் இருந்தால் அந்த வாயில் பீய்ச்சலாம். இவை எதற்கும் வழியில்லாதபோது எல்லாரையும் இறக்கிவிட்டுத் தள்ளி நிற்பதே சரி. இஞ்சின் போனால் போகிறது.

மறுபுறத்தையும் சொல்லிவிட வேண்டும். சுற்றுக் குறைந்தால் நல்லது என்று எண்ணி, பாரத்தோடு ஏற்றத்தில் நான்காவது கியரிலேயே இஞ்சினைத் திணறவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. டீசல் மிச்சமாம்! அப்போது எண்ணெய் அழுத்தம் குறைந்திருக்கும். சிலிண்டரின் வெடிப்போ முழு வேகத்தில் பேரிங்கை அடிக்கும். வண்டி உதறி ‘டக் டக்’ என்றால் கியரைக் குறைக்க வேண்டியதுதான். உச்சத்துக்கு ஓர் எல்லை இருப்பதுபோல் அடியிலும் ஓர் எல்லை உண்டு.

மீட்டர் இல்லாமல் கணக்கிடும் வழி

பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். டயரில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, வண்டியைத் தள்ளி, சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எத்தனை மீட்டர் நகர்கிறது என்று அளக்க வேண்டும். பாரம் ஏற்றிய நிலையில் அளப்பது நல்லது. கியர்களின் விகிதமும் கிரௌனின் விகிதமும் வண்டிப் புத்தகத்தில் இருக்கும். நல்ல மெக்கானிக்கும் சொல்வார்.

ஒரு கணக்குக்காக, சக்கரம் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் ஓடுகிறது, கிரௌன் விகிதம் 4.5, நான்காவது கியர் நேர்கியர், மூன்றாவது 1.5, இரண்டாவது 2.5, முதலாவது 4 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1000 மீட்டர். சக்கரம் 500 சுற்று. நான்காவது கியரில் இஞ்சின் 2250 சுற்று, சுகமான ஓட்டம். அதே 60இல் மூன்றாவதுக்கு வந்தால் 3375. பழைய இஞ்சினுக்கு நாம் சொன்ன 3300ஐச் சற்றுத் தாண்டிவிட்டது. கை தவறி இரண்டாவதில் விழுந்தால் 5625! 4400க்கு என்று செய்த இஞ்சினில் இது 28 சதவீதம் அதிகம். ராடு போல்ட்டின் இழுப்பு 63 சதவீதம் அதிகம். ஒரு விநாடி போதும்.

இதையே 3300க்குத் திருப்பிப் போட்டால், இந்தக் கணக்கு வண்டியின் எல்லை முதல் கியரில் 22, இரண்டாவதில் 35, மூன்றாவதில் 58 கிலோமீட்டர். நான்காவதில் 88 வரும். அதற்குள் சாலைச் சட்டமே குறுக்கிட்டுவிடும். அவரவர் வண்டிக்கு எண்கள் மாறும் என்பதால் இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

கிடைக்கும் மூன்று எண்களை ஓர் அட்டையில் பெரிதாக எழுதி ஸ்பீடாமீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடலாம். எல்லைப் பகுதியில் வேனுக்கு ஒரே டிரைவர் நிலையாக இருப்பதில்லை. இன்று களியக்காவிளைக்காரர், நாளை தனுவச்சபுரத்துக்காரர். எண்களாக எழுதினால் தமிழருக்கும் மலையாளிக்கும் ஒரே அட்டை போதும். ஸ்பீடாமீட்டர் கேபிள் அறுந்திருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். டயரின் அளவை மாற்றினாலோ, வேறு வண்டியின் கியர்பாக்ஸைப் பழைய சாமான் கடையில் வாங்கிப் பொருத்தினாலோ, பழைய அட்டையைக் கிழித்துவிட்டுச் சாக்கட்டியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.